திடப்படுத்தலும் விசுவாச அறிக்கையும்: கம்பம் பள்ளத்தாக்குச் சபை வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலைத் தொடரும் அணைந்து நிற்க, முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் கிறித்தவர் தொகை மிகுதியன்று. ஆயினும் அவர்தம் சொல்வழக்கு மொழியாராய்ச்சியாளர் கண்ணுக்கு நல்ல விருந்து. 1996-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் அடங்கும் இப்பகுதியில், இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். பெரியகுளத்தை ஒரு நிலையமாகக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க மதுரை மிஷனின் வழிவந்த சபைகள், இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டிலத்தைச் சார்ந்தனவாய் உள்ளன. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் வளர்ந்தபின் தம் சமயத்தைத் தாமே ஏற்று உறுதிபெறும் சடங்கு இவ்விரு சாராரிடத்தும் உண்டு. முன்னவர் அதனை உறுதிப்பூசுதல் என்பர். பின்னவர் திடப்படுத்தல் என்பர். இலத்தீன மூலச்சொல் இரண்டிற்கும் ஒன்றே. 5-ஆம் நூற்றாண்டில் கால் நாட்டுத் திருச்சபைச் சங்கங்களில் வழங்கத் தொடங்கியது அது. எனினும் தமிழில் அமைந்த இவ்விரு தொடர்களும் ஒரு பொருளனவாகத் தோன்றவில்லை. மேலும், சடங்கின் நடுவே நிற்கும் ஒரு செயலை இவ்விரு பெயர்களுமே சொல்லாமல் விட்டிருக்கின்றன. அச்செயல் யாது, அது பெயரில் இடம்பெறாமற் போனதால் விளைந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. உறுதிப்பூசுதல் என்பது தொகைநிலைத் தொடர். இதனை ‘உறுதியைப் பூசுதல்’ என விரிப்பின் இரண்டாம் வேற்றுமைத் தொகையாம். ‘உறுதிக்காகத் தைலம் பூசுதல்’ என விரிப்பின் நான்காவதன் உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம். கதை கேட்டான், கனி தின்றான் என்றாற்போல இரண்டாவதன் தொகையில் வல்லொற்று மிகாமை பெருவழக்கு. பழைய பதிப்புகள் சில ‘உறுதிபூசுதல்’ என ஒற்றின்றியும், இன்றைய நூல்கள் ‘உறுதிப்பூசுதல்’ என ஒற்று மிகுத்தும் அச்சிடுகின்றன. அச்சுக்கோப்பவர் செய்த மாற்றம் என்று இதனைத் தள்ளிவிடலாம். நாம் தள்ள விரும்பவில்லை. ஒற்று மிகுங்கால் பூசப்படும் பொருள் தைலமாகவும், உறுதி அதன் பயனாகவும் நிற்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாடும் அதுவே. உறுதியைக் கொடுப்பவர் தூய ஆவி. ஆயர் பூசுவது பரிமளத் தைலமே. ஆதலின் ஒற்றுடைய வடிவம் இலக்கணத்திற்கும் சமயப் பொருளுக்கும் ஒருங்கே பொருந்துகின்றது.

உறுதி என்னும் சொல்லின் பழம்பொருளையும் ஈண்டு நினைத்தல் தகும். அறம் முதலிய நான்கனையும் உறுதிப்பொருள் என்று வழங்குகின்றோம். அங்கே உறுதி என்பது திண்மையைக் குறியாது நன்மையைக் குறிக்கின்றது. தமிழ்க் கத்தோலிக்கர் முதன்முறை நற்கருணை உட்கொள்ளுதலைப் ‘புதுநன்மை வாங்குதல்’ என்பர். பேச்சு வழக்கில் புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் இணைத்தே பேசப்படுகின்றன. இவ்விணைப்பைப் பெயரிட்டோர் கருதினர் என்று சாதிக்க நம்மிடம் சான்றில்லை. கேட்போர் செவியில் இரு சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்ற அளவில் அமைவோம்.

இனித் திடப்படுத்தல். திடம் வடசொல்லின் வழிவந்தது. திடப்படு என்பது தன்வினை. திடப்படுத்து என்பது பிறவினை. இச்சொல்லைச் சீர்திருத்தத் திருச்சபையார்க்கு நெருக்கமாக்கியது அவர்கள் நாள்தோறும் ஓதும் விவிலியப் பெயர்ப்பு என்பதில் ஐயமில்லை. 1871-இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் பெயர்ப்பில், அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரத்தில், பவுலும் பர்னபாவும் லீஸ்திரா முதலிய ஊர்களுக்குத் திரும்பிச் சென்று சீஷருடைய மனத்தை உறுதிசெய்தனர் என்னுமிடத்தில் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. 15-ஆம் அதிகாரத்திலும் அவ்வாறே. கூர்ந்து நோக்கின் அவ்விடங்களில் தைலமும் இல்லை, கை வைத்தலும் இல்லை. துன்பத்தின் நடுவே விசுவாசத்தில் நிலைக்குமாறு சொல்லிய சொல்லே அங்குத் திடப்படுத்தியது. கைகளை வைத்தல் அந்நூலின் 8, 19 ஆகிய வேறு இரண்டு அதிகாரங்களில் வருகின்றது: சமாரியாவில் பேதுருவும் யோவானும், எபேசுவில் பவுலும் கைகளை வைக்க, மக்கள் ஆவியைப் பெற்றனர். ஆகவே சடங்கின் பெயர் ஓரிடத்தினின்றும், சடங்கின் செயல் வேறிடத்தினின்றும் எடுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தார் இவற்றை இணைத்தபோது பெயருக்குரிய பழைய பொருள், அதாவது சொல்லால் மனத்தை நிலைநிறுத்துதல், பின்னே சென்றுவிட்டது.

இடைப்பிறவரலாக ஒன்று கூறுவோம். ‘ஆயர் கை வைத்தார்’ என்னும் தொடர் இப்பள்ளத்தாக்கில் இரு பொருள்படும். கத்தோலிக்கர்க்கு ஆயர் என்பார் மறைமாவட்டத் தலைவர். முற்காலத்தில் மேற்றிராணியார் எனப்பட்டவர். தென்னிந்தியத் திருச்சபையார்க்கு ஆயர் என்பார் உள்ளூர்ச் சபையின் குருவானவர்; தலைவரை அவர்கள் பேராயர் என்பர். வேறு ஊரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர் இதனை அறியாது குறிப்பெடுப்பின், யார் எச்சடங்கை நடத்தினார் என்பதே தலைகீழாகிவிடும். அத்தகைய குறிப்புகளை நாம் கண்டதுண்டு.

இரு பெயர்களும் பிறவினைத் தன்மையுடையன என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. ஒருவர் பூசுகின்றார், மற்றொருவர் பூசப்படுகின்றார். ஒருவர் திடப்படுத்துகின்றார், மற்றொருவர் திடப்படுத்தப்படுகின்றார். சடங்கைப் பெறும் இளைஞர் இரண்டிலும் செயப்படுபொருளே. அவர் எழுவாயாக நின்று செய்யும் வினை ஒன்று சடங்கினுள் உண்டு. ‘விசுவாசிக்கிறேன்’ என்று அவர் சபையின் முன் தம் வாயால் சொல்லுகின்றார். தமிழ் வினைமுற்றில் தன்மை ஒருமை விகுதியைத் தவிர்க்க இயலாது. அச்சொல்லைச் சொல்லும் எவரும் ‘ஏன்’ என்னும் ஈற்றால் தம்மைச் சுட்டியே ஆகவேண்டும். கத்தோலிக்கர் பழைய வழக்கில் ‘விசுவசிக்கிறேன்’ என்றனர்; இன்று ‘நம்புகிறேன்’ என்கின்றனர். வினை மாறிற்று, விகுதி மாறவில்லை. இவ்வினையே விசுவாச அறிக்கை எனப்படுவது. பெயரில் இடம்பெறாதது இதுவே.

இவ்வறிக்கை சடங்கினுள் எப்போது புகுந்தது என்பதை நோக்கின் ஒரு வியப்பு உண்டு. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைக் கடந்தால் சுரியானிக் கிறித்தவர் வாழும் நாடு. அங்கு ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய மரபினர், ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு அப்பொழுதே மூறோன் என்னும் புனித தைலத்தையும் பூசிவிடுகின்றனர். குழந்தை எதனையும் சொல்வதில்லை, சொல்ல இயலாது. கீழைத் திருச்சபைகளின் தொன்மையான முறை இது. மேலைத் திருச்சபையில் தைலம் பூசும் உரிமை ஆயருக்கே ஒதுக்கப்பட்டமையாலும், அவர் எல்லா ஊர்க்கும் உடனே வர இயலாமையாலும், இரு சடங்குகளுக்குமிடையே காலம் நீண்டது. ஆயர் வரும்வரை குழந்தை வளர்ந்துவிட்டது. வளர்ந்த பிள்ளையிடம் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு என்பதைச் சீர்திருத்த காலத்தார் கண்டனர். இன்று நாம் முதிர்ந்த விசுவாச அறிக்கை என்று போற்றுவதற்கு இடம் உண்டானது பெரிதும் பயணத் தொல்லையால் என்பது சமய நூலார்க்குச் சற்றுக் கசக்கலாம். வரலாறு அப்படித்தான் இருக்கின்றது.

செருமனியில் மார்ட்டின் பூசர் வகுத்த முறையிலும், செனீவாவில் கால்வின் விரும்பிய முறையிலும் பிள்ளைகள் வினாவிடை கற்றுச் சபைமுன் தம் விசுவாசத்தைக் கூறுதல் முதன்மை பெற்றது. ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலிலோ, ஞானஸ்நானத்தின்போது தம் பெயரால் பிறர் செய்த பொருத்தனையைத் தாமே புதுப்பிக்கின்றீர்களா என்னும் நேர்வினா, 1662-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதே 1662-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கூடிய கொங்கிரிகேஷனல் சபைகளின் சங்கம் இச்சிக்கலையே வேறு முனையிலிருந்து எதிர்கொண்டது. விசுவாசத்தைத் தம் அனுபவமாக எடுத்துரைத்தோரையே முழு உறுப்பினராக ஏற்ற சபைகள் அவை. முதல் தலைமுறையார் கடல்கடந்து வந்தோர். சொல்ல அவர்களிடம் கதை இருந்தது. அவர்தம் மக்கள் ஞானஸ்நானம் பெற்று ஒழுக்கமாய் வாழ்ந்தனர்; எடுத்துரைக்கத்தக்க மனமாற்றம் எதுவும் தமக்கு நேரவில்லை என்றனர். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆயின் அப்பெற்றோர் நற்கருணைக்கும் வாக்குரிமைக்கும் உரியராகார் என்று சங்கம் தீர்ப்பளித்தது. பாதிவழி உடன்படிக்கை என்று பின்னோர் இதனை எள்ளினர். இந்நினைவைச் சுமந்த மரபினரே பின்னர் மதுரைக்கு வந்தனர்.

1834-இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து மதுரைக்கு வந்தோர் பெரும்பாலும் கொங்கிரிகேஷனல் மரபினர். அவர்களிடம் பேராயர் இல்லை. திடப்படுத்தல் என்னும் சடங்கும் இல்லை. ஆனால் விசுவாச அறிக்கை இருந்தது. ஊரில் ஒரு கூட்டத்தார் கிறித்தவ உபதேசத்தின்கீழ் வருதல் ஒன்று. அவருள் ஒருவர் தம் விசுவாசத்தை ஆராய்ந்தறியப்பெற்று, சபைமுன் அறிக்கையிட்டு, உடன்படிக்கையை ஏற்று உறுப்பினராதல் மற்றொன்று. முன்னதனினும் பின்னதன் தொகை எப்போதும் குறைந்தே நின்றது. புதிய உறுப்பினர்க்கு வலக்கை கொடுத்து ஐக்கியத்தை உணர்த்துதல் அம்மரபின் வழக்கம்; தலைமேல் கை வைத்தல் அன்று. எனவே இப்பள்ளத்தாக்கின் சீர்திருத்தச் சபைகளைப் பொறுத்தவரை, பொருள் முதலில் வந்தது. பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது.

அவ்வறிக்கை வாய்ச்சொல்லோடு நின்றதன்று என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1847-ஆம் ஆண்டில் மதுரை மிஷன், சாதி வேற்றுமையைக் கைவிட்டமைக்கு அடையாளமாக எல்லாரோடும் உடனுண்ண வேண்டும் என்று தன் சபையாரையும் பணியாளரையும் கேட்டது. மறுத்தோர் பலர் ஐக்கியத்தினின்றும் நீக்கப்பட்டனர். உபதேசிமாரும் அவருள் இருந்தனர். அந்நியர் நம் நாட்டு வழக்கத்தை அறியாது செய்த வன்செயல் என்பாரும், செய்யவேண்டியதைச் செய்தனர் என்பாரும் இன்றளவும் உளர். நாம் பின்னவர் பக்கம் சாய்கின்றோம். விசுவாசிக்கிறேன் என்பதன் பொருள் பந்தியில் தெரியும் என்று அவர்கள் கருதியது சரியே. ஆயின் ஒன்றை மறைக்கலாகாது. குடும்பம் குடும்பமாகவும் தெருத் தெருவாகவும் மக்கள் சபைக்கு வந்த காலம் அது. தந்தை தீர்மானித்தார், மனைவியும் மக்களும் உடன் வந்தனர். சொல்லளவில் தனியொருவரின் அறிக்கை. நடைமுறையில் பெரும்பாலும் குடும்பத்தின் முடிவு. அதனால் இரண்டாம் தலைமுறையில் பாஸ்டன் நகரத்துச் சிக்கல் பெரியகுளத்துக்கும் வந்தே தீரவேண்டியிருந்தது.

கொங்கிரிகேஷனல் சபைகளும் பிரெஸ்பித்தேரியன் சபைகளும் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், அச்சபையும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் கூடித் தென்னிந்தியத் திருச்சபை தோன்றிற்று. ஆங்கிலிக்கருக்குப் பேராயரின் கை இன்றித் திடப்படுத்தல் இல்லை. ஏனையோர் பலர்க்கு அக்கை புதிது. இணைப்புப் பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டதற்குப் பேராயர் பதவி பற்றிய இத்தகைய வேறுபாடுகளே பெருங்காரணம். முடிவில் கண்ட அமைதி நயமானது. கை வைத்தலை எல்லாச் சபைகளுக்கும் கட்டாயமாக்கவில்லை. பேராயரேயன்றி ஆயரும் சடங்கை நடத்த இடம் விட்டனர். விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடுதலையே முழு உறுப்புரிமைக்கு அடிப்படையாக்கினர். 1950-இல் வெளிவந்த வழிபாட்டு முறையின் தலைப்பே இதற்குச் சான்று. ஞானஸ்நானம் பெற்றோரைத் திருச்சபையின் முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளும் முறை என்பது தலைப்பு. திடப்படுத்தல் என்று பொதுவாக வழங்குவது என்பது அதற்கு அடைமொழி. வகுத்தோர் எப்பெயரை முதலில் வைத்தனர், எப்பெயரை உலக வழக்கிற்கு விட்டனர் என்பது நோக்கற்பாலது. உலக வழக்கே வென்றது. இன்று கம்பத்திலோ போடியிலோ நீண்ட தலைப்பைச் சொல்லி எவரிடமும் வினவினால் விளங்காது.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டிலத்தின் முதற் பேராயராய் 1947 முதல் 1959 வரை இருந்தவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பணியாளராய் 1936-இல் தமிழகம் வந்தவர். பேராயர் இல்லாத மரபில் வளர்ந்து, பேராயர் இல்லாதிருந்த சபைகளுக்குப் பேராயரானவர். சிற்றூர்ச் சபைகளில் அவர் கண்டவை 1951-இல் நூலாயின. 1953-இல் வெளிவந்த அவருடைய திருச்சபை பற்றிய நூலில் நம் பொருளுக்கு நேரே உதவும் ஓரிடம் உண்டு. எபேசுவில் பவுல் சீஷர் சிலரைக் கண்டு, விசுவாசிகளானபோது ஆவியைப் பெற்றீர்களா என்று வினவிய நிகழ்ச்சியை அவர் எடுத்துக்கொள்கின்றார். அவ்வினாவை நம் காலத்தவர் வேறு விதமாய்க் கேட்டிருப்பர் என்பது அவர் கருத்து. ஒரு சாரார் சரியான கோட்பாட்டை நம்பினீர்களா என்றும், மற்றொரு சாரார் உங்கள் தலைமேல் பட்ட கை எங்களுடையதா என்றும் கேட்பராம். இரு சாராரையும் ஒருங்கே கடிந்த அவர், அறிக்கையும் கையும் போதா, பெற்றதன் அடையாளம் வாழ்வில் காணப்படவேண்டும் என்னும் மூன்றாம் நிலையை முன்வைத்தார். இக்கருத்து நூலறையில் மட்டும் தோன்றியதன்று. வைகைக் கரையிலும் பெரியாற்றுக் கரையிலும் சபைகளைக் கண்ட பட்டறிவு அதன் பின்னே உண்டு என்றே கருதுகின்றோம்.

கத்தோலிக்கர் பக்கம் சுருங்கக் காண்போம். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஏழு வயதளவிலேயே நற்கருணை கொடுக்கலாம் என ஆணையிட்டமையால், முன்பு நற்கருணைக்கு முன்னே நின்ற உறுதிப்பூசுதல் பல நாடுகளில் பின்னே தள்ளப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1971-இல் சடங்கு திருத்தப்பட்டபோது, தைலம் பூசுவதற்கு முன் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பித்தல் வைக்கப்பட்டது. முன்பு ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கம் உண்டு. முதியோர் இன்றும் அதனை நினைந்து சிரிப்பர். அது நீங்கிற்று. ஆக, 1950-இல் ஒரு சாராரும் 1971-இல் மற்றொரு சாராரும் ‘நான்’ என்னும் தன்மைச் சொல்லுக்குச் சடங்கினுள் தெளிவான இடம் கொடுத்துள்ளனர். பெயர்கள் மட்டும் பழையபடியே உள்ளன.

பெயர் எவ்வாறிருப்பின் என்ன என்பாருக்கு நடைமுறையைக் காட்டுவோம். ‘திடப்படுத்தல் எடுத்தாயிற்றா?’ என்பது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் கேட்கும் வினா. எடுத்தல், வாங்குதல், கொடுத்தல் என்னும் வினைகளே இச்சடங்கோடு சேர்ந்து வருகின்றன. அம்மை குத்துதலுக்கும் சான்றிதழுக்கும் நாம் வழங்கும் வினைகள் இவை. நம்மிடம் பயின்ற உத்தமபாளையம் பக்கத்து மாணவர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னார்: “வகுப்புக்குப் போனோம் ஐயா, பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் ஒப்பித்தோம், பேராயர் வந்தார், போட்டோ எடுத்தோம், முடிந்தது.” அவர் தமக்கையாரோ தம் இருபதாம் வயதில் வேறொரு சபைக்குச் சென்று ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றாராம். பெற்றோர் மனம் நொந்தனர்; ஒருமுறை பெற்றதை மறுமுறை பெறலாகாது என்று ஆயர் கடிந்தார். அப்பெண்மணி கூறிய விடையை மாணவர் வாயிலாகக் கேட்டோம்: “அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டார்கள்.” வழிபாட்டு நூலைப் புரட்டினால் அன்றும் கேட்டனர் என்பது விளங்கும். கேட்டது அவர் செவிக்கு எட்டவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் தம் மந்தையைக் கவர்கின்றன என்று வருந்தும் பெரியோர் இவ்விடையைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நலம்.

மாணவர் ஆண்ட ‘ஒப்பித்தோம்’ என்னும் சொல்லை நோக்குக. ஒப்பு என்பது தன்வினை. உடன்படுதல் என்பது அதன் பொருள். ஒப்பி என்பது அதன் பிறவினை வடிவம். கற்ற பாடத்தை ஆசிரியரிடம் திருப்பிச் சொல்லுதலுக்கு ஆகிவந்தது. அறிக்கை என்று தமிழ் விவிலியம் பெயர்க்கும் கிரேக்கச் சொல்லும் ‘ஒத்ததைச் சொல்லுதல்’ என்னும் அடிப்பொருளுடையதே. அதற்கு நேரான தமிழ் ஒப்புதலாகும். நம் வகுப்புகளில் நிகழ்வது ஒப்பித்தல். ‘அறிக்கை’ என்னும் சொல்லோ இன்று அரசு விடுக்கும் அறிக்கை, கட்சித் தலைவர் அறிக்கை என்று தேய்ந்து, தன்னை வைத்துச் சொல்லும் சொல் என்னும் உணர்ச்சியை இழந்துவருகின்றது.

வயது பற்றிய வழக்கும் இத்தோடு சேர்ந்தது. சைவ ஆகம மரபில் சமயம், விசேடம், நிருவாணம் எனத் தீக்கை மூவகைப்படும். மாணாக்கன் தலைமேல் ஆசிரியன் கை வைக்கும் பரிச தீக்கையும் அங்கு உண்டு. ஆதலின் தலைமேற் கை என்பது தமிழர்க்குப் புதிய குறியன்று. அம்மரபு ஆண்டைக் கணக்கிடாது பக்குவத்தை நோக்குகின்றது; பக்குவம் அறிந்து தீக்கை செய்தல் ஆசிரியன் கடன். பருவம் வேறு, பக்குவம் வேறு. திருச்சபைகள் பக்குவத்தை நாடிப் பருவத்தை வரையறுத்தன: பதினான்கு, பதினைந்து என்று ஒரு வயதைக் குறித்துவிட்டால் வகுப்பு நடத்த எளிது. பின்னர் வேறு தேவைகளும் வந்து ஒட்டின. திருமணத்துக்கு முன் இச்சடங்கு முடிந்திருத்தல் வேண்டும் என்று இரு திருச்சபையாரும் எதிர்பார்க்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அதனை எழுத்தாலேயே கூறுகின்றது. மணநாள் குறித்தபின் விரைந்து திடப்படுத்தல் பெறுவோர் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் நற்கருணை உறுப்பினரே சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால், தேர்தல் நெருங்குங்கால் பட்டியலில் பெயர் ஏறவேண்டும் என்னும் ஆர்வமும் தலைதூக்கும். 1662-இல் பாஸ்டன் சபைகள் நற்கருணையையும் வாக்கையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு ஈண்டும் அவிழவில்லை.

இதற்கு நாம் கருதும் வழி, பெயரை மாற்றுதலன்று. வேரூன்றிய பெயரைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. 1950-ஆம் ஆண்டுத் தலைப்புக்கு நேர்ந்ததே போதும். பெயர் குறிக்கும் செயலையும் அறிக்கை என்னும் செயலையும் வேறுவேறாக உணர்த்துதலே வேண்டுவது. திடப்படுத்துதற்கு எழுவாய் இறைவன். அறிக்கையிடுதற்கு எழுவாய் அவ்விளைஞர். கொங்கிரிகேஷனல் முன்னோர் செய்வித்தது போல, ஒவ்வொருவரும் நூலைப் பாராது, தம் ஊர்ப் பேச்சில், நான்கு வாக்கியமேனும் தம் விசுவாசத்தைச் சபைமுன் கூறச் செய்யலாம். பதினைந்து வயதில் இயலாதவர் இருபதில் கூறட்டும். அதுவரை அவர் நற்கருணைக்கு அயலார் என்று ஒதுக்கவும் வேண்டா; ஞானஸ்நானமே நற்கருணைக்குப் போதிய உரிமை என்னும் கருத்து உலகத் திருச்சபைகளுள் வலுப்பெற்று வருகின்றது. மணத்தையும் வாக்கையும் இதனின்றும் பிரித்துவிடின் பாதிச் சிக்கல் தீரும்.

இக்கருத்துக்கு வலிய தடை ஒன்று உண்டு. அதை மறைப்பது ஆராய்ச்சியாகாது. வாய் பேச இயலாதவரும் அறிவு வளர்ச்சி குன்றியவரும் முதிர்ந்த அறிக்கையை எவ்வாறு இடுவர்? அறிக்கையே அடிப்படை என்பார் இவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்த நேரும். மூறோன் பூசும் சுரியானியர்க்கு இத்தொல்லையே இல்லை. தைலம் எல்லாரையும் ஒருபடித்தாய் ஏற்கின்றது. காது கேளாதோர் கையசைவால் அறிக்கையிடலாம் என்று ஓரளவு விடை கூறலாம். பின்னவர்க்கு அவ்விடை போதாது. அவர்தம் பொருட்டுச் சபையே ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில் சொல்ல, அவர் அதனுள் அடங்குவார் எனக் கொள்ளலாம். நைசீன் விசுவாசப் பிரமாணம் மூலத்தில் தன்மைப் பன்மையிலேயே தொடங்குகின்றது என்பது இதற்குத் துணை. ஆயின் அப்பன்மையை ஏனையோரும் நிழலாகக் கொண்டு ஒதுங்கிவிடுவர் என்னும் அச்சம் நமக்கு நீங்கவில்லை.

மேலாய்வு செய்ய விரும்பும் மாணவர்க்கு ஒரு குறிப்பு. கொங்கிரிகேஷனல் சபைகளின் உறுப்பினர் பதிவு முறையில், புதிய உறுப்பினர் வேறு சபையின் கடிதத்தால் வந்தாரா, தம் அறிக்கையால் வந்தாரா என்பதைத் தனித்தனியே குறிப்பது வழக்கம். 1947-க்கு முற்பட்ட பதிவேடுகள் எஞ்சியுள்ள சபைகளில் அவற்றைப் பார்வையிட்டு, அறிக்கையால் வந்தோரின் வயதைக் கணக்கிட்டு, பின்வந்த திடப்படுத்தல் பதிவேடுகளின் வயதோடு ஒப்பிடுதல் வேண்டும். இராயப்பன்பட்டி முதலிய பங்குகளின் உறுதிப்பூசுதல் ஏடுகளையும் உடன்வைத்து நோக்கின், அறிக்கைக்குரிய வயது எப்பத்தாண்டில் குறையத் தொடங்கியது என்பது ஊர்வாரியாகத் தெரியவரும்.